தேதி இல்லாத பேரிடர்

பழவேற்காட்டைத் தாக்கிய பேரிடர்களின் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் டிசம்பராகவே இருப்பது கண்ணில் படும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 25இல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். அதன் வெள்ளம் வடிவதற்குள் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவு. இப்படித் தேதியோடு வரும் துயரங்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்படும், அதிகாரிகள் வருவார்கள், செய்தியாளர்கள் வருவார்கள், சில வேளைகளில் மனநல ஆலோசகர்களும் வருவார்கள். ஆனால் பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் குடும்பங்களை உள்ளிருந்து அரிப்பது வேறொன்று. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் மாதங்கள், வலையில் ஒன்றும் விழாத வாரங்கள், வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கும் நாள்கள். இதற்குத் தேதி கிடையாது. ஆகவே முகாமும் கிடையாது. மீனவர் குடும்பங்களுக்கான மனநல ஆதரவைப் பற்றி நாம் பேசும்போது புயலைக் கணக்கில் வைத்தே பேசுகிறோம். முகத்துவாரத்தைக் கணக்கில் வைத்துப் பேச வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே ஏறி இறங்கும் கடல்நீரும் கலப்பதால்தான் இங்கே இறாலும் நண்டும் மடவையும் விளைகின்றன. மழை குறைந்து ஆற்றின் வேகம் தணிந்தால் அலை கொண்டுவந்து போடும் மணல் வாயை அடைத்துவிடும். அடைத்தால் இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுகிறது: கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரிக்கரையில் கட்டிய படகு கடலுக்குப் போக முடியாது. துறைமுகக் கட்டுமானங்களுக்கு வடக்கே கரை அரிப்பதும் மணல் இடம் மாறுவதும் சென்னைத் துறைமுகக் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்த பிறகு நிலைமை மோசமாகிவிட்டது என்பது குப்பங்களின் நெடுநாள் புகார். அரசின் கையை எதிர்பார்க்காமல் குப்பங்களே காசு திரட்டி மணலை அள்ளித் திறந்ததும் உண்டு. வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க, ஏறத்தாழ 27 கோடி ரூபாயில் அலைத் தடுப்புச் சுவர் திட்டம் ஒன்றையும் அரசு வகுத்தது. இதற்கு நடுவே, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு வேறு.

வருமானம் நின்றால் வீட்டுக்குள் நடப்பதைக் கோட்டுப் படம் போல வரைந்துவிடலாம். ஆண் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். வாங்கியதால் அடுத்த முறை வரும் மீனுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. மீன் விற்கும் பெண் தண்டல்காரரிடம் வாங்குகிறார், மகளிர் குழுவில் வாங்குகிறார், பிறகு தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போகிறது. யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறோம் என்பதை இருவருமே ஒருவருக்கொருவர் முழுதாகச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது வெளியே வரும் நாளில் சண்டை வருகிறது. பேரிடர் மனநலம் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் பயம், கெட்ட கனவு, அலைச் சத்தம் கேட்டால் நடுக்கம் என்று பேசுகின்றன. அவையும் உண்மையே. ஆனால் பழவேற்காட்டின் அன்றாட மனநோவு கனவில் வருவதில்லை. காலையில் தண்டல் வசூலிப்பவரின் பைக்கில் வருகிறது.

இது வெறும் ஊகமில்லை. 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத காலத்திலும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் அதே விவசாயியிடம் அதே வகைச் சோதனைகளை வைத்தார்கள். பணமுடை இருந்த காலத்தில் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, பருவம்தான் மாறியது. இந்த ஆய்வின் அளவீடுகள் குறித்துப் பின்னால் வாதங்கள் எழுந்தன. இருந்தாலும் பணமுடை மனத்தின் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது என்ற அடிப்படைக் கருத்து நிற்கிறது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம் தற்கொலை விகிதத்தை 18 சதவீதம் குறைத்ததாக 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மழை பொய்த்து விளைச்சல் விழுந்த இடங்களில் தற்கொலை கூடியதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. கரும்புக்கு அறுவடை எப்படியோ, ஏரிக்கு முகத்துவாரம் அப்படி. எந்த மாதங்களில் மனம் தளரும், எந்த மாதங்களில் ஒரு பெற்றோர் பிள்ளையின் படிப்பைப் பற்றித் தவறான முடிவெடுக்க வாய்ப்பு அதிகம் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதுதான் இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பயன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதற்குமான காரணப் பட்டியலில் முதலிடம் 'குடும்பப் பிரச்சினைகள்', 31.7 சதவீதம். காவல் நிலையத்தில் எழுதப்படும் அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை கடன், எத்தனை குடி, எத்தனை வேலையிழப்பு அடங்கியிருக்கிறது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் கிளாடியா கட்டானி குழுவினர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்க்கிறது. போரையும் ஆழிப்பேரலையையும் பார்த்த அந்தக் குழந்தைகளின் மனநிலையைப் பாதித்தவற்றில் வீட்டுக்குள் நடந்த வன்முறையும் முக்கியமானதாக இருந்தது. அந்த வன்முறையின் அளவோடு தொடர்புகொண்டிருந்தவை இரண்டு: குடும்பம் பட்ட போர் அனுபவம், தகப்பனின் குடி. வெளியே விழுந்த அடி வீட்டு வாசலைத் தாண்டிக் குழந்தை வரைக்கும் எந்த வழியில் போகிறது என்பதை இது காட்டுகிறது. அந்த வழியில் எங்காவது ஓர் இடத்தில் மறிக்க முடியுமானால், கடல் பொய்த்த ஆண்டிலும் குழந்தை தப்பிக்கும். தனிநபருக்கு மாத்திரையும் ஆலோசனையும் கொடுப்பதோடு நிற்காமல் குடும்பத்தையே அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

நமக்கு இதில் அனுபவம் இல்லாமலும் இல்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளூர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமார், சுரேஷ்குமாருடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று உண்டு: உறவினரை அலைக்குப் பறிகொடுத்தவர்களைப் பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்கள் தொடர்ந்து சென்று பார்த்த இடத்தில், அப்படிப் பார்க்காத இடத்தைவிட மனச்சோர்வு குறைந்திருந்தது. இங்கே முக்கியமான சொல் 'தொடர்ந்து'. ஒரே ஒரு முறை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறை பயனற்றது, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று காக்ரேன் தொகுப்பாய்வு ஆழிப்பேரலைக்கு முன்பே எச்சரித்திருந்தது. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல் முதலில் உணவும் பாதுகாப்பும், அடுத்து குடும்பமும் ஊரும் தரும் துணை, அதற்கும் மேலே தேவைப்படும் சிலருக்கு மட்டும் ஆலோசனையும் மருத்துவமும் என்று அடுக்கியது. நமது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2009 டிசம்பரில் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. அறிவுக்குப் பஞ்சமில்லை. நிதி முடிந்ததும் திட்டம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும் என்பதுதான் சிக்கல். பேரிடரை ஒரு நாள் நிகழ்வாகப் பார்ப்பவர்கள் ஓராண்டுக்குமேல் தங்கக் காரணம் தேட மாட்டார்கள்.

இனி எதிர்வாதம். இதில் ஆகப் பெரியது, நியாயமானதும்கூட: முகத்துவாரத்தைத் திறக்கச் சொன்னால் மனத்தைத் திறக்கச் சொல்கிறீர்களா? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இந்தக் குப்பங்கள் ஆண்டுக்கணக்காகப் போராடின. 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5ஆம் தேதிக்கு அறிவிக்கப்பட்டதும் ரத்தானது. வாழ்வாதாரம் பற்றிய அரசியல் கேள்வியை எழுப்பும் மக்களிடம் மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுக்கப் போவது கேள்வியையே நோயாக மாற்றும் தந்திரமாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. இந்த ஏரியிலேயே ஆய்வுசெய்த சாரா கோல்தார்ட் 2012இல் எழுதிய கட்டுரை இதே ஐயத்தை வேறுவிதமாகக் கேட்டது: ஒரு சமூகம் மீள்திறனோடு இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றுதானா? எதையும் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்காகவே மேலும் சுமத்தலாமா? ஆய்வுச் சான்றும் எதிர்வாதத்தின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. கென்யாவின் கிராமங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஒப்பீட்டில் உளவியல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பணம் பெற்றவர்களிடம் மனநிலையும் வருமானமும் இரண்டுமே மேம்பட்டன. கானாவில் ஏறக்குறைய அதே மாதிரி நடந்த ஆய்வு மாறான விடை தந்தது, அங்கே ஆலோசனை பலித்தது. ஆனாலும் ஆலோசனை மட்டும் போதும் என்று இவற்றைப் படித்த எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே எதிர்வாதத்தில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். முகத்துவாரத்துக்கு மாற்றாக ஆலோசகர் வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். மறுபாதியில் எனக்கு உடன்பாடில்லை. தடுப்புச் சுவர் போன்ற பணி திட்டமாகி, சுற்றுச்சூழல், வனத்துறை அனுமதிகள் வாங்கி, ஒப்பந்தம் விட்டு முடிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த ஆண்டுகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது பள்ளியை விட்டிருப்பான். போராட்டம் பலவீனமாகிவிடும் என்ற பயமும் எனக்கு விளங்கவில்லை. கடனில் கழுத்துவரை மூழ்கியவர் கூட்டத்துக்கு வரமாட்டார். வியாபாரியிடமும் உள்ளூர்ப் பெரிய மனிதரிடமும் அவர் ஏற்கெனவே கடமைப்பட்டவர். வீடு வீடாகப் போகும் ஆதரவுப் பணியாளர் ஒவ்வொரு மாதமும் பெயர் குறிப்பிடாமல் ஒரு கணக்கு வைக்கலாம்: எத்தனை வீட்டில் நகை அடகு, எத்தனை பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, எத்தனை வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியவில்லை. முகத்துவாரம் மூடிய மாதத்துக்கும் திறந்த மாதத்துக்கும் இடையே அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்று காட்டும் ஆவணம், அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எந்த முழக்கத்தையும்விட அதிகம் பேசும். துறைமுகத்தின் சமூகத் தாக்க அறிக்கைகளில் இப்படி ஒரு பத்தி இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த எதிர்வாதம் பெருமிதத்திலிருந்து வருவது. மீனவச் சமூகம் தாங்காத அடியா? ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன, ஒருவர் வீட்டில் இழவு விழுந்தால் குப்பமே கடலுக்குப் போகாது. எல்லாம் உண்மை, வெளியிலிருந்து வரும் எந்தத் திட்டமும் இவற்றைப் புறக்கணித்தால் தோற்கும். ஆனால் இந்த வலிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. ஏரியில் வலைபோடும் இடத்தையும் முறையையும் சீட்டுப் போட்டுப் பங்கிடும் பாடு முறை இதற்கு நல்ல உதாரணம். மோதலைத் தவிர்த்து, உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் நல்ல இடம் சுற்றிவர வழிசெய்த இந்த ஏற்பாட்டை உலக அறிஞர்கள் பாராட்டுகிறார்கள். கோல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு அதன் மறுபக்கத்தையும் பார்த்தது: பாடு உள்ளவர்கள் மீன் குறைந்தபோதும் ஏரியைவிட்டு வேறு தொழிலுக்கு எளிதில் நகரவில்லை, பாடு இல்லாதவர்கள்தான் வேறு வழிகளுக்கு மாறினார்கள். எந்த ஏற்பாடு பாதுகாப்பும் மரியாதையும் தந்ததோ அதுவே ஆளைக் கட்டியும் போட்டது. பாடு என்பது வருமானம் மட்டுமாக இருந்தால் விட்டுவிடுவது சுலபம். அப்பன் பாட்டன் வழி வந்த பெயரும் அதில் இருக்கிறது. அந்தப் பெயரை விட்டுப் போகிறவன் மனத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க ஊரில் ஆளில்லை.

பாட்டுக்கு வெளியே நிற்பவர்களின் கதை இன்னும் வேறு. சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் தலித் பெண்களுக்கும் முறையும் கிடையாது, சீட்டும் கிடையாது. மீன் ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்தான் குப்பத்தில் ரொக்கத்தைக் கையாள்கிறார். ஊர்ப் பஞ்சாயத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. கணவன் அடித்தான் என்ற புகார் அங்கே போனால் ஆண்கள் கூடி ஆண்களிடம் பேசி முடிப்பார்கள். எனவே ஊர் நிர்வாகம் வழியாக மட்டும் மனநல ஆதரவைக் கொண்டுபோனால், ஏற்கெனவே குரல் உள்ளவர்களுக்கே அது போய்ச் சேரும். பஞ்சாயத்தின் ஒப்புதலோடு உள்ளே போக வேண்டும், அதன் கட்டுப்பாட்டில் இயங்கக் கூடாது. நடைமுறையில் இது கடினமான சமநிலை. தொண்டு நிறுவனங்கள் பலமுறை இடறி விழுந்த இடமும் இதுதான்.

கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் தாக்கியபோது கன்னியாகுமரிக் குடும்பங்கள் பட்டது இது: உடல் இல்லை, அதனால் ஈமச்சடங்கு இல்லை, இறப்புச் சான்றிதழ் இல்லை, காப்பீடு இல்லை, மனைவி தாலியை என்ன செய்வது என்றும் தெரியாது. சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொள்ளலாம். ஒக்கியில் அரசு விதியைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. அது ஊடகம் பார்த்துக்கொண்டிருந்த பெரும்புயல். ஒற்றைப் படகு ஒரு சாதாரண நாளில் திரும்பாமல் போனால் அந்தத் தளர்வு தானாக வருவதில்லை. இத்தகைய முடிவற்ற இழப்பை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பாஸ், 2001இல் நியூயார்க் கோபுரத் தாக்குதலில் காணாமல் போன தொழிலாளர்களின் குடும்பங்களை மருத்துவமனைக்கு அழைக்கவில்லை. தொழிற்சங்கக் கூடத்தில் பல குடும்பங்களை ஒன்றாக, குழந்தைகளோடும் பாட்டிகளோடும் உட்காரவைத்தார். பழவேற்காட்டுக்குப் பொருந்துவது இந்த முறைதான். அதோடு, சான்றிதழுக்கான விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூடவே வரும் ஒருவர், என் கணிப்பில், பத்து ஆலோசனை அமர்வுகளுக்குச் சமம்.

யார் அந்த ஒருவர்? புதிதாக யாரையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உள்ளூர்ப் பெண்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். மனநலத்துக்கும் அதே கதவைத் தட்டலாம். பிரஷர் பார்க்க வந்தவர் கடனைப் பற்றிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்குச் சந்தேகம் வராது. தீவிரமான நிலையில் இருப்பவர்களை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேர்ப்பது அவர் பொறுப்பு. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி ஆலோசனை இரவு நேரத்துக்கு உதவும். ஆனால் ஆண்கள் போன் எடுத்துப் பேசுவார்கள் என்று நம்புவது பேதைமை. அவர்களை வலை பின்னும் கொட்டகையிலும் ஏலக்கூடத்திலும்தான் பிடிக்க வேண்டும், பேச்சையும் குடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்களை வைத்து நடத்தி 2017இல் 'லான்செட்' வெளியிட்ட சோதனையில், ஆலோசனை பெற்ற ஆண்களில் 36 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தீங்கான குடியிலிருந்து மீண்டார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். பத்துப் புள்ளி வித்தியாசம் சிறியதில்லை. அதே சோதனையில் மனைவியை அடிப்பது குறைந்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. குடி குறைந்தால் அடி தானாக நிற்கும் என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு அது ஒரு கடிவாளம். அடிபடும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் சட்ட உதவியும் தனி ஏற்பாடாகவே இருக்க வேண்டும்.

குப்பத்தில் ரகசியம் ஏது என்று கேட்பார்கள். நியாயம்தான்; சுவரும் சுவரும் ஒட்டிய தெருவில் ஒரு வீட்டுக் கதை அடுத்த வீட்டுக்குப் போகச் சாயங்காலம் ஆகாது. ஒரு குப்பத்துப் பெண்ணை இன்னொரு குப்பத்தில் பணியமர்த்துவது, வீட்டுக் கணக்கைப் பெயரில்லாமல் எழுதுவது, ரகசியம் மீறினால் பணி இழப்பு என்ற விதி ஆகியவை ஓரளவு காக்கும். முழுதாகக் காக்காது. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் நன்மையில் முடியும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இலங்கையின் வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் நடத்திய ஒரு திட்டத்தை விடிசே தோல் குழுவினர் 2012இல் மதிப்பிட்டபோது சில பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது. சிறுமிகளின் அதிர்ச்சி அறிகுறிகள், திட்டத்தில் சேராதவர்களைவிட மெதுவாகவே குறைந்தன. திட்டம் தொடங்கும்போதே அளந்து, ஆறு மாதத்தில் மீண்டும் அளந்து, பலிக்காததை நிறுத்தும் துணிவு வேண்டும். அரசுத் திட்டங்களில் பயனாளிகள் எண்ணிக்கையை அளப்போம். பயனை அளந்து நமக்குப் பழக்கமில்லை.

கடைசியில் பணம். துறைமுக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எளிதாகக் கிடைக்கக்கூடும், ஆனால் அதை இதற்குத் தொடவே கூடாது. எந்தத் தரப்போடு குப்பங்களுக்கு வழக்கும் போராட்டமும் இருக்கிறதோ அந்தத் தரப்பின் சம்பளத்தில் வரும் ஆலோசகரிடம் எந்தக் குடும்பமும் வாய் திறக்காது. இந்தக் கரையின் இழப்பைப் பேரிடர் என்று சட்டப்படி ஏற்பதே நேரான வழி. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை, மத்தியப் பட்டியலில் இல்லாத உள்ளூர்ப் பேரிடர்களுக்கு மாநிலமே அறிவித்துச் செலவிடலாம். இதைப் பயன்படுத்தித் தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையும் ஒரு நாளில் வந்து போவதில்லை. மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவித்த அரசுக்கு, வருமானமற்ற பருவத்துக்குப் பணம் கொடுக்கும் கொள்கை புதிதில்லை. முகத்துவாரம் இத்தனை நாள் படகு போக முடியாதபடி அடைந்திருந்தால் பழவேற்காடு பாதிப்புப் பகுதி என்று மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து ஒரு வரையறை வகுக்கலாம். அந்த நாள் வந்ததும் மூன்று காரியம் ஒன்றாகத் தொடங்க வேண்டும்: குடும்பத்துக்கு ரொக்கம், கடன் வசூலுக்கு இடைக்கால நிறுத்தம், வீட்டுக்கு வரும் ஆதரவுப் பணியாளர். ஆதரவுப் பணியாளரை மட்டும் அனுப்பிவிட்டு மற்ற இரண்டையும் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளினால் கென்யாவில் கண்ட விடைதான் இங்கும் வரும். பட்டியல் தயாரிக்கும்போது கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையை மட்டும் அளவுகோலாக வைத்தால், சேற்றில் கையால் இறால் தேடும் பெண்கள் பலர் முதல் நாளே வெளியே நிற்பார்கள். கணக்கெடுப்பு அவர்களிடமிருந்தே தொடங்கட்டும்.